கொயரில் பாடும் தம்பியும் "தீர்க்காதிருங்கள்" என்ற வசனமும்

கேள்வி சுருக்கமாக இது: "எங்கள் சபையில் கொயரில் (பாடகர் குழுவில்) பாடும் ஒரு தம்பி, தனக்குப் பெண்கள்மேல் நாட்டம் இல்லை, ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு என்று நெருங்கிய நண்பனிடம் சொல்லியிருக்கிறார். ஒரே வாரத்தில் சபை முழுக்கத் தெரிந்துவிட்டது. அவரைக் கொயரிலிருந்து எடுக்க வேண்டும், திருவிருந்து (ஆராதனையில் தரும் அப்பமும் ரசமும்) கொடுக்கக் கூடாது என்று ஒரு கூட்டம் நிற்கிறது. 'தீர்க்காதிருங்கள் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார், எல்லாரும் வாயை மூடுங்கள்' என்று இன்னொரு கூட்டம். வேதம் யார் பக்கம்?"

இரண்டு கூட்டமுமே வசனத்தைப் பாதியில் நிறுத்திவிட்டது என்பது என் எண்ணம். நான் இறையியல் பட்டம் வாங்கியவன் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஞாயிறு பள்ளியிலும் வேதபாட வகுப்பிலும் பாடம் எடுத்தவன், கிரேக்கத்தை அகராதியை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் படிப்பவன். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

"வாயை மூடுங்கள்" என்கிறவர்கள் காட்டும் மத்தேயு 7:1 நம் பழைய மொழிபெயர்ப்பில் இப்படி இருக்கிறது: "நீங்கள் குற்றவாளிகளென்று தீர்க்கப்படாதபடிக்கு மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்." கிரேக்கத்தில் இங்கே இருப்பது க்ரினோ என்ற ஒரே வினைச்சொல். பிரித்தறிவது, முடிவெடுப்பது, தீர்ப்புச் சொல்வது, தண்டனைக்கு ஒப்புக்கொடுப்பது எல்லாவற்றுக்கும் அது வரும். தமிழில் மொழிபெயர்த்தவர்கள் "குற்றவாளிகளென்று" என்ற சொல்லைச் சேர்த்து, எந்த அர்த்தம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்கள். எது சரி, எது தப்பு என்று யோசிப்பதை இயேசு தடுக்கவில்லை. அதே அதிகாரத்தில் முத்துகளைப் பன்றிகள்முன் போடாதே என்கிறார் (6), ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய்களைக் கனியினால் அறியுங்கள் என்கிறார் (15, 16). பிரித்துப் பார்க்காமல் இதில் எதைச் செய்ய முடியும்? யோவான் 7:24 இன்னும் நேராகச் சொல்கிறது: "தோற்றத்தின்படி தீர்ப்புசெய்யாமல், நீதியின்படி தீர்ப்புசெய்யுங்கள்." ஆகவே "யாரும் எதையும் பேசக்கூடாது" என்பதற்கு இந்த வசனத்தை இழுக்க முடியாது.

அதற்கடுத்து வருகிற உத்திரமும் துரும்பும்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உத்திரம் என்றால் இன்றைய கான்கிரீட் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாது. பழைய ஓட்டு வீட்டில் சுவருக்குச் சுவர் குறுக்கே போகுமே, கூரையின் பாரத்தைத் தாங்குகிற அந்தத் தேக்குக் கட்டைதான். மரவேலை தெரிந்த வீட்டில் வளர்ந்தவர் சொன்ன உவமை. கண்ணில் உத்திரத்தோடு ஒருவன் அடுத்தவன் கண்ணுக்குள் குனிந்து பார்க்கிறான் என்றால் கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் துரும்பை விட்டுவிடு என்று அவர் சொல்லி முடிக்கவில்லை. முதலில் உன்னுடையதை எடு, "பின்பு உன் சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுத்துப்போட வகைபார்ப்பாய்" என்றுதான் அந்தப் பேச்சு முடிகிறது. சின்ன வயதில் கண்ணில் தூசி விழுந்தால் அம்மா என்ன செய்தார்? வெளிச்சமான வாசலுக்குக் கூட்டிப்போய், முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, முந்தானை நுனியைத் திரித்து, ஊதி ஊதி எடுத்தார். தெருவில் நின்றுகொண்டு "இவன் கண்ணில் தூசி" என்று யாரும் கூவவில்லை.

இனி கொயரிலிருந்து எடுக்கச் சொல்கிறவர்கள். இவர்களிடமும் வசனம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. அதற்கு முன்னால் ஒரு சொல்லைக் கவனியுங்கள். "ஓரினச்சேர்க்கை" என்று நாம் எழுதிப் பழகிவிட்டோம். அதில் "சேர்க்கை", அதாவது செயல், உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. உங்கள் தம்பி நண்பனிடம் சொன்னது ஈர்ப்பைப் பற்றி. "தன்பாலீர்ப்பு" என்ற சொல் இப்போது புழக்கத்துக்கு வந்துவிட்டது, இந்த இடத்துக்கு அதுதான் பொருந்தும். கடுமையான நிலைப்பாடு உள்ள சபைகள்கூட ஈர்ப்பையும் செயலையும் ஒன்றாக வைப்பதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (1992) ஒருபால் உறவுச் செயல்களை ஏற்பதில்லை. ஆனால் அந்த ஈர்ப்புள்ளவர்களை மரியாதையோடும் இரக்கத்தோடும் ஏற்க வேண்டும், அநியாயமான பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக் கூடாது என்று அடுத்த பத்தியிலேயே சொல்கிறது. உங்கள் சபையில் இப்போது விசாரிக்கப்படுவது அந்தத் தம்பி செய்த எதுவும் இல்லை, அவர் நம்பிச் சொன்ன ஒரு வாக்கியம்.

வசனங்களுக்கு வருவோம். நேரடியாகப் பேசுவதாக எடுத்துக்காட்டப்படும் பகுதிகள் வேதம் முழுவதிலும் ஒரு கை விரல்களுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இயேசு இந்தப் பொருளைப் பெயர் சொல்லிப் பேசியதாக நான்கு சுவிசேஷத்திலும் கிடையாது. விவாகரத்து பற்றிய கேள்விக்குப் பதிலாக ஆதியிலே ஆணும் பெண்ணுமாக உண்டாக்கினார் என்று சொன்னதை (மத்தேயு 19) பாரம்பரியமாக வாசிப்பவர்கள் இதற்கும் அடித்தளமாக எடுக்கிறார்கள். அது நியாயமான வாசிப்புதான். அதே மூச்சில் அவர் விவாகரத்து பற்றிச் சொன்னதை நம் சபைகள் எவ்வளவு நெகிழ்த்திக்கொண்டன என்பதையும் சேர்த்து யோசிக்கலாம்.

சோதோம் கதை எல்லார் வாயிலும் வரும். ஆதியாகமம் 19-இல் நடப்பது ஊரே திரண்டு விருந்தாளிகளைப் பலாத்காரம் செய்ய வருவது. யூதாவின் நிருபம் சோதோமின் விபசாரத்தைச் சொல்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எசேக்கியேல் 16:49 சொல்வதை எந்தக் கூட்டத்திலாவது பிரசங்கிக்கக் கேட்டிருக்கிறீர்களா? "கெர்வமும், ஆகாரத்திரட்சியும், நிர்விசாரமான சாங்கோபாங்கமுமாகிய இவைகளே உன் சகோதரியாகிய சோதோமின் அக்கிரமம்." அதாவது பெருமை, சாப்பாட்டு மிகுதி, கவலையற்ற சொகுசு. ஆகாரத்திரட்சி! நம் கல்யாணப் பந்தியைப் பார்த்துச் சொன்னது மாதிரியே இருக்கும். சிறுமையும் எளிமையுமானவனுடைய கையை அவள் பலப்படுத்தவில்லை என்று முடிகிறது அந்த வசனம்.

லேவியராகமம் 18, 20 இரண்டிலும் தடை தெளிவாக இருக்கிறது. 20-இல் மரண தண்டனையும் இருக்கிறது. பழைய ஏற்பாட்டுக் கட்டளைகளில் எது இன்றைக்கும் செல்லும், எது ஆசாரிய முறைமையோடு முடிந்தது என்ற விவாதம் பெரியது, அதற்குள் இங்கே நான் போகவில்லை.

அப்போஸ்தலன் பவுலிடம் வந்தால்தான் வேலையே. 1 கொரிந்தியர் 6:9-இல் தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்காதவர்கள் என்று ஒரு பட்டியல் போடுகிறார். அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கிரேக்கச் சொற்கள், மலகொய் என்றும் அர்செனொகொய்தாய் என்றும். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இரண்டாவதை "ஆண்புணர்ச்சிக்காரர்" என்கிறது. முதலாவதை? "சுயபுணர்ச்சிக்காரர்." ஆமாம், நீங்கள் சரியாகத்தான் வாசித்தீர்கள். இன்றைய அறிஞர்கள் யாரும் அப்படி மொழிபெயர்ப்பதாக எனக்குத் தெரியவில்லை. மலகொஸ் என்றால் மெல்லியது, மிருதுவானது. மத்தேயு 11:8-இல் "மெல்லிய வஸ்திரம்" என்று வருகிறதே, அங்கேயும் அதே சொல்தான். ஆளைக் குறித்து வரும்போது சுகவாசி, நெஞ்சுரம் இல்லாதவன், உறவில் பெண்போல் நடப்பவன் என்று பல பொருள் எடுத்திருக்கிறார்கள். 1946-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆங்கிலப் புதிய ஏற்பாடு இரண்டு சொல்லையும் சேர்த்து "ஒருபால் ஈர்ப்பினர்" என்ற பொருளில் ஒரே சொல்லாகப் போட்டது. 1971-இல் அவர்களே அதை மாற்றினார்கள். ஆக, தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை இந்த வசனத்தை வாசித்து ஒரு வகைப் பையன்கள் நடுங்கினார்கள், அமெரிக்காவில் அதே வசனத்தை வாசித்து வேறு வகைப் பையன்கள் நடுங்கினார்கள். எங்கள் வாலிப நாளில் இந்த வசனத்துக்குப் பயந்து திருவிருந்துக்கு எழும்பாமல் உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அன்றைக்கு அவர்களைப் பார்த்து யாரும் கொயரை விட்டு இறங்கு என்று சொல்லவில்லை, எல்லாரும் ஒரே படகு என்பதாலோ என்னவோ.

இரண்டாவது சொல் அவ்வளவு குழப்பமில்லை. லேவியராகமம் 20:13-இன் கிரேக்க மொழிபெயர்ப்பில் "ஆண்", "படுக்கை" என்ற இரண்டு சொல்லும் அடுத்தடுத்து வருகின்றன, அவற்றை ஒட்டவைத்துப் பவுல் இந்தச் சொல்லை எடுத்திருக்க வேண்டும் என்று பாரம்பரிய வாசிப்புக்காரர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அது பலமான வாதமாகத்தான் படுகிறது. எதிர்வாதம் செய்கிறவர்கள், அன்றைய ரோம உலகில் எஜமான் அடிமையிடமும் பெரியவன் சிறுவனிடமும் செய்ததுதான் பவுலின் கண்முன் இருந்தது என்கிறார்கள். 1 தீமோத்தேயு 1:10-இல் இதே சொல்லுக்கு அடுத்து "மனுஷரைத் திருடுகிறவர்கள்", அதாவது ஆள்பிடித்து விற்பவர்கள், வருவதைக் காட்டுகிறார்கள். இரண்டு வயதுவந்த மனிதர்கள் ஆயுசுக்கும் ஒருவருக்கொருவர் உண்மையாக வாழ்வதைப் பற்றிப் பவுல் யோசித்திருப்பாரா என்பது அவர்கள் கேள்வி. இரண்டு பக்கத்திலும் கிரேக்கம் நன்றாகத் தெரிந்தவர்களும் தேவபயம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். என் சபை பாரம்பரிய வாசிப்பில் நிற்கிறது, அதற்குள் இருந்துதான் நானும் எழுதுகிறேன்.

ஆனால் ரோமர் முதலாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு அந்தத் தம்பிமேல் பாய்கிறவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 26, 27-ஆம் வசனங்களில் பவுல் ஒருபால் உறவைச் "சுபாவத்துக்கு விரோதமான" அநுபோகம் என்கிறார். அங்கேயே நின்றுவிடுகிறோம். அவர் நிற்கவில்லை. பட்டியல் நீள்கிறது: பொருளாசை, பொறாமை, வாக்குவாதம், வஞ்சகம், புறங்கூறுதல், பெற்றாருக்குக் கீழ்ப்படியாமை. 31-ஆம் வசனத்தில் "சுபாவ அன்பில்லாதவர்களுமாய், இணங்காதவர்களுமாய், இரக்கமில்லாதவர்களுமாய்" என்று முடிவுக்கு வருகிறார். கிரேக்கத்தில் வேறுவேறு சொற்கள்தான் என்றாலும், தமிழில் வாசிக்கும்போது இரண்டு இடத்திலும் "சுபாவம்" வந்து கண்ணில் குத்துகிறது. சுபாவ அன்பு என்பது பெற்றவர்களுக்குப் பிள்ளைமேல் இயல்பாக இருக்கிற பாசம். மகன் இப்படிச் சொன்னான் என்று இராத்திரியில் அவன் பையை வாசலில் தூக்கிப்போட்ட தகப்பனும் அந்த அதிகாரத்தில் இருக்கிறான்.

அப்புறம் இரண்டாம் அதிகாரம். அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில் வந்தவை, பவுல் எழுதிய கடிதத்தில் அந்த இடைவெளி கிடையாது. ரோமாபுரியில் ஒருவர் உரக்க வாசிக்க, சபையார் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள். புறஜாதியாருடைய அசிங்கங்களை ஒவ்வொன்றாக அடுக்கும்போது, பக்தியுள்ளவர்கள் தலையை ஆட்டி ஆட்டி ஆமென் சொல்லியிருப்பார்கள். அந்தச் சூட்டோடு அடுத்த வரி: "ஆகையால், மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவனே, நீ யாரானாலும் சரி, போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை." ஆகையால் என்கிறார். முதல் அதிகாரம் முழுக்கப் போட்ட வலை இந்த ஒரு மனிதனைப் பிடிக்கத்தான். ரோமர் 1-ஐ வாசித்துவிட்டு ஒருவரைச் சுட்டிக்காட்டக் கையைத் தூக்குகிறவன், பவுல் யாரை எதிர்பார்த்து எழுதினாரோ அந்த ஆளாகவே வந்து மாட்டிக்கொள்கிறான். பாவத்தைப் பாவம் என்று பவுல் சொல்லவில்லை என்று இதை வைத்து வாதாட முடியாது, அதுவும் உண்மை. அவர் சொன்னார். சொல்லிவிட்டு அதை ஆயுதமாக எடுக்கிற கையைப் பிடித்தார்.

"சபைக்குள் இருக்கிறவனைத் தீர்க்க நமக்கு உரிமை உண்டே, 1 கொரிந்தியர் 5 இருக்கிறதே" என்று உங்கள் கமிட்டியில் யாராவது கட்டாயம் சொல்வார். சரிதான். தகப்பனுடைய மனைவியை வைத்துக்கொண்டிருந்த ஒருவனைச் சபையைவிட்டு விலக்கச் சொல்கிறார் பவுல். "புறம்பே இருக்கிறவர்களைக்குறித்துத் தீர்ப்புச்செய்கிறது என் காரியமா?" என்று சபைக்கு வெளியே உள்ளவர்களைத் தேவனிடம் விட்டுவிடுகிறார். நாமோ நேர்மாறாக நடக்கிறோம். வெளியே உள்ள உலகத்தைத் திட்டித் தீர்ப்போம், உள்ளே உள்ள பெரிய மனுஷனைத் தொடமாட்டோம். அந்தப் பகுதியின் 11-ஆம் வசனத்தில் யாரோடு சாப்பிடக்கூடாது என்ற பட்டியலில் விபசாரக்காரனோடு பொருளாசைக்காரனும் உதாசினனும் வெறியனும் கொள்ளைக்காரனும் நிற்கிறார்கள். பொருளாசைக்காக ஒருவரை எந்தச் சேகரத்திலாவது (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைகளிலாவது) திருவிருந்திலிருந்து நிறுத்தியிருக்கிறார்களா? மாப்பிள்ளை வீட்டுக்குப் பேசிய தொகையில் ஒரு பங்கு ஆலயத்துக்குக் காணிக்கையாக வந்து, அதற்கு ஸ்தோத்திர ஜெபமும் ஏறெடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். செத்தவர்களைக்கூடச் சாதி பார்த்துப் பிரிக்கத் திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் குறுக்கே சுவர் எழுப்பினோம். நான் சொன்ன தேக்குக் கட்டை இதுதான்.

ஒழுங்கு நடவடிக்கை என்றால் அதற்கும் இயேசு முறை சொல்லியிருக்கிறார். மத்தேயு 18:15: "நீயும் அவனும் தனித்திருக்கையில்." முதலில் தனியாக, பிறகு ஒன்றிரண்டு பேரோடு, கடைசியில்தான் சபை. உங்கள் சபையில் நடந்தது தலைகீழ். முதலில் சபை, பிறகு வாட்ஸ்அப், தனியாக அவரிடம் பேசினவர் யாரும் உண்டா என்று உங்கள் கேள்வியில் தெரியவில்லை.

இதைச் சொல்ல எனக்கும் முழுத் தகுதி இல்லை. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒரு சகோதரி ஜெபக்குறிப்பு கொடுத்தார். பெயர் சொல்லவில்லை. "நம்ம சபையில நல்லா பாடுற ஒரு தம்பி, பி.காம். இரண்டாம் வருஷம், தகப்பன் இல்லாத பிள்ளை, ஒரு தப்பான பழக்கத்திலேருந்து விடுதலையாகணும், ஆம்பளைப் பிள்ளைகளோட..." என்று இழுத்தார். பெயரைச் சொல்லியிருந்தாலும் அவ்வளவு துல்லியமாக இருந்திருக்காது. எல்லாரும் கண்ணை மூடி "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றோம். நான்தான் ஜெபத்தை நடத்தினேன், குரல் உயர்த்தி நடத்தினேன். கண்ணைத் திறந்தபோது வாசல்படியில் அந்தப் பையன் செருப்பைக் கழற்றிக்கொண்டு குனிந்திருந்தான். எவ்வளவு கேட்டான் என்று எனக்குத் தெரியாது. கழற்றிய ஒரு செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு அன்றைக்கு நான் போன் பண்ணவில்லை. அடுத்த வாரம் பார்த்துப் பேசலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவன் வரவில்லை, பிறகும் வரவில்லை. ரோமர் முதலாம் அதிகாரப் பட்டியலில் "புறங்கூறுகிறவர்கள்" என்ற சொல் வரும்போதெல்லாம் எனக்கு அந்த வாசல்படிதான் ஞாபகம் வருகிறது.

அடுத்து, பாவம் வேறு, குற்றம் வேறு. இதைச் சில கிறிஸ்தவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். இங்கிலாந்தில் ஆண்களுக்கிடையிலான உறவு சட்டப்படி குற்றமாக இருந்த காலத்தில், அதை மாற்றச் சொல்லி முதலில் எழுந்த குரல்களில் இங்கிலாந்துத் திருச்சபையின் ஒழுக்கநல மன்றமும் ஒன்று. 1954-இல் அவர்கள் அறிக்கை வந்தது. அரசு அமைத்த வுல்ஃபெண்டன் குழு 1957-இல் அதே திசையில் பரிந்துரை செய்தது. 1960-களில் பிரபுக்கள் சபையில் மசோதா வந்தபோது இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமை ஆயரான கேன்டர்பரி பேராயர் மைக்கேல் ராம்சே அதை ஆதரித்துப் பேசினார். அந்தச் செயல் தவறு என்ற தன் நம்பிக்கையை அவர் மாற்றிக்கொள்ளவே இல்லை. தவறு என்பதற்காகப் போலீஸ் பிடிக்க வேண்டியதில்லை என்றார். 1967-இல் சட்டம் மாறியது.

நம் நாட்டில் 1860-ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இந்த உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு அதே வெள்ளைக்காரர்கள் வைத்துவிட்டுப் போனது. டெல்லி உயர் நீதிமன்றம் 2009-இல் அதன் பல்லைப் பிடுங்கியபோது எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போனவர்களில் கிறிஸ்தவ அமைப்புகளும் இருந்தன. 2013-இல் உச்ச நீதிமன்றம் பிரிவைத் திரும்பக் கொண்டுவந்தது. அந்த நேரத்தில் மும்பைப் பேராயர் கர்தினால் ஆஸ்வால்டு கிரேசியஸ், ஒருபால் ஈர்ப்புள்ளவர்களைக் குற்றவாளிகளாகக் கத்தோலிக்கத் திருச்சபை ஒருபோதும் கருதியதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். கவனியுங்கள், "குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்" என்பதற்கு இதைவிட நேரான பொருள் உண்டா? கடைசியில் 2018 செப்டம்பர் 6-இல் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அந்தப் பிரிவு வயதுவந்தவர்களின் சம்மத உறவுக்குப் பொருந்தாது என்றார்கள். உகாண்டாவில் ஒருபால் உறவுக்கு எதிராக 2023-இல் வந்த சட்டம் சில சூழ்நிலைகளில் மரண தண்டனைவரை போகிறது, அங்குள்ள ஆங்கிலிக்கன் தலைமை அதை வரவேற்றது. அன்றைய கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி அதைக் கண்டித்து எழுதினார். திருமணம் பற்றிய உபதேசத்தில் உகாண்டா சபைக்கு எவ்வளவு உறுதி இருந்தாலும், ஆளைத் தூக்கில் போடுகிற சட்டத்துக்குக் கைதட்டுகிறவர்கள் யோவான் 8-ஐக் கிழித்துவிட்டுத்தான் கைதட்ட வேண்டும்.

யோவான் 8 என்றதும் ஒன்று. விபசாரத்தில் கையும் களவுமாகப் பிடிபட்ட பெண்ணின் கதை மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை, ஆனாலும் சபை அதை விடாமல் பிடித்துக்கொண்டது. கல்லோடு வந்தவர்கள் அந்த ஆணை எங்கே விட்டுவிட்டு வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை, லேவியராகமம் இருவரையுமே சொல்லியிருந்தும். "இனிப் பாவஞ்செய்யாதே" என்ற கடைசி வரியைப் பாரம்பரியக்காரர்கள் சரியாகவே ஞாபகப்படுத்துவார்கள். ஆனால் அது எல்லாரும் போனபிறகு, அவர்கள் இருவரும் தனியாக நிற்கும்போது சொன்னது. "நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை" என்று முதலில் சொல்லிவிட்டுச் சொன்னது.

தீர்க்கிறதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் என்ன செய்தார் என்பதையும் பாருங்கள். 2021-இல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் வீட்டைவிட்டுச் சென்னைக்கு வந்து, ஒருவரையொருவர் விரும்புகிறோம், பெற்றோரிடமிருந்தும் போலீஸிடமிருந்தும் பாதுகாப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. இந்த விஷயம் தனக்கே முழுதாகப் புரியவில்லை என்று அவர் உத்தரவிலேயே எழுதினார். ஒரு மனநல ஆலோசகரிடம் நேரம் கேட்டு, தானே போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டுவிட்டுத்தான் ஜூன் மாதம் விரிவான உத்தரவு போட்டார். தன்பாலீர்ப்பை "குணப்படுத்த" முயல்வதைத் தடைசெய்தார். தொடர்ந்து 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அந்த மாதிரி சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. நம் சேகர கமிட்டியில் எத்தனை பேர் "எனக்கு இது புரியவில்லை, முதலில் கேட்டுக்கொள்கிறேன்" என்று சொல்வார்கள்?

இங்கேதான் "விடுதலை ஊழியம்" பற்றி எச்சரிக்க வேண்டும். அந்தத் தம்பியை எங்காவது உபவாசக் கூட்டத்துக்கு அனுப்பி ஆவியைத் துரத்த யாராவது இந்நேரம் யோசனை சொல்லியிருப்பார்கள். அமெரிக்காவில் 1976-இல் தொடங்கிய எக்ஸோடஸ் என்ற அமைப்பு, ஜெபத்தாலும் ஆலோசனையாலும் ஈர்ப்பை மாற்றலாம் என்று முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் சொல்லிவந்தது. அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ், தான் சந்தித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேலானவர்களுக்கு ஈர்ப்பு மாறவில்லை என்று 2012-இல் ஒப்புக்கொண்டார். 2013-இல் மன்னிப்புக் கேட்டு அமைப்பையே மூடினார். நம் ஊர் மருந்து இன்னும் மோசமானது: "ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்." சரியாவதில்லை. எங்கிருந்தோ ஒரு பெண் வந்து, தன்னிடம் என்ன குறை என்று தெரியாமல் வருஷக்கணக்கில் அழுகிறாள். தீர்ப்பிடப்பட்டவர் ஒருவர், தண்டனை அனுபவிக்கிறவர்கள் இரண்டு பேர்.

உலகச் சபைகள் எங்கே நிற்கின்றன என்று கேட்டால், ஒரே இடத்தில் இல்லை. 1998 லாம்பெத் மாநாட்டில் ஆங்கிலிக்கன் ஆயர்கள் 526-க்கு 70 என்ற வாக்கில், ஒருபால் உறவு வேதத்துக்கு ஒவ்வாது என்றார்கள். அதே தீர்மானத்தில் ஒருபால் ஈர்ப்புள்ளவர்களுடைய அனுபவத்தைக் காதுகொடுத்துக் கேட்போம் என்றும் உறுதி கொடுத்தார்கள். முதல் பாதியை மேற்கோள் காட்டாதவர் இல்லை, இரண்டாம் பாதியைக் காட்டுகிறவர்களைத் தேட வேண்டும். அமெரிக்காவை மையமாகக் கொண்ட ஐக்கிய மெதடிஸ்ட் சபை 1972-இலிருந்து வைத்திருந்த கண்டன வாசகத்தை 2024-இல் நீக்கியது, அதற்குள் ஆயிரக்கணக்கான உள்ளூர்ச் சபைகள் பிரிந்து போயிருந்தன. போப் பிரான்சிஸ் 2013-இல் விமானத்தில் வைத்துச் சொன்ன "தீர்ப்பிட நான் யார்?" எல்லாருக்கும் தெரியும். கர்த்தரைத் தேடுகிற, நல்ல மனதுள்ள ஒருவரைப் பற்றித்தான் அப்படிக் கேட்டார். உபதேசத்தை அவர் மாற்றவில்லை. அந்தக் கேள்வி அவருடையதும் இல்லை, ரோமர் 14:4-இல் பவுல் கேட்டது: "மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்?"

சரி, கொயர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சபையின் உபதேசம் பாரம்பரியமானது என்றால் அதை மறைக்கச் சொல்லவில்லை. அந்தத் தம்பிக்கும் அது தெரியும், உங்களைவிட நன்றாகவே தெரியும், அந்த வசனங்களை அவர் எத்தனை இராத்திரி வாசித்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? கொயரில் நிற்கிறவர்களுக்கு ஒரு நடத்தை விதி உண்டு என்றால், எல்லாரிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். குடி, வட்டி, பொண்டாட்டியை அடிப்பது, நீதிமன்றத்தில் நிற்கிற சொத்துத் தகராறு எல்லாவற்றையும் கேளுங்கள். மிச்சம் இருப்பவர்களை வைத்து நான்கு குரலில் பாட முடிந்தால் பாடுங்கள். ஒருவரிடம் மட்டும் கேட்பதாக இருந்தால் கேட்க வேண்டாம். திருவிருந்தைப் பொறுத்தவரை, எந்தச் செயலும் விசாரிக்கப்படாமல், வெறும் ஈர்ப்புக்காக ஒருவரை நிறுத்த உங்கள் சபையின் சட்டபுத்தகத்தில் இடம் இருக்கிறதா என்று போதகர் ஐயரிடம் கேளுங்கள். இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

கமிட்டி கூடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த நண்பன், விஷயத்தை வெளியே விட்டவன், அவனைக் கூப்பிட்டுப் பேசுங்கள், அவன்தான் மன்னிப்புக் கேட்க வேண்டியவன். அதற்கும் முன்னால் தம்பியின் வீட்டுக்குப் போங்கள். இரண்டு பேருக்குமேல் வேண்டாம், பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். அவருடைய அம்மா காப்பி போட்டுத் தருவார், குடியுங்கள். பையன் பத்திரமாக இருக்கிறாரா, சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, வீட்டில் அடிக்கிறார்களா என்று பாருங்கள். தவறான முடிவு எதற்காவது போகிற அறிகுறி தெரிந்தால் அன்றைக்கே ஒரு நல்ல மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், மாற்றுவதற்காக இல்லை, உயிரோடு இருப்பதற்காக. அவர் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் கொயர் பயிற்சி வழக்கம்போல வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்குத்தான் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.